மத்தியானத்துக்குப் பிறகு ஒட்டிய ஒன்பது பிளாஸ்டர்

ஜூன் 3, செவ்வாய்

பம்ப் கம்பெனியை விட்டு இன்றோடு பதினோரு நாள். அம்மா என்னிடம் பேசுவதில்லை, அடுப்பிடம் பேசுகிறாள். "பாலிடெக்னிக்க உட்டாச்சு. பேட்டரி கம்பெனிய உட்டாச்சு. இப்ப பம்ப்பும் போச்சு. ஒரு எடத்துல நிக்காது இது." அடுப்பு பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் நேசக்கரம் சேவா கிளப் கூட்டம். கல்யாண மண்டபத்து மாடி, டைனிங் ஹால், மத்தியான சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. நாற்பது பேர். கடைக்காரர்கள், கம்பெனி சூப்பர்வைசர்கள், ரிட்டையர் ஆன வாத்தியார்கள். இருபது வயதில் நான் ஒருத்திதான். வேகமாக டைப் அடிக்கிறேன் என்பதற்காகச் சேர்த்துக்கொண்டார்கள். மாதா மாதம் கிளப் செய்தி மடல் என் வேலை. இந்த மாதம்: பொருளாளர் மகளுக்கு வளைகாப்பு. செயலாளர் புது வீட்டில் பால் காய்ச்சினார். 15ஆம் தேதி கவரைப்பேட்டையில் கண் முகாம்.

தலைவர் சுப்பராயன் சார் எழுந்தார். ஹார்டுவேர் கடைக்காரர், கூட்டத்திலும் பெயின்ட் விலை பேசுவார். "இதுவரைக்கும் தொள்ளாயிரத்து எழுவது கண்ணு பண்ணிக்கிறோம். இந்த கேம்ப்புல ஆயிரம் தாண்டணும். மாவட்டத்துல இருந்து பெரியவங்க வராங்க. ஷைனி, ஒனக்கு பிளாஸ்டர் டியூட்டி."

டாக்டர் யாருக்கு, எந்தக் கண்ணில் ஆபரேஷன் என்று சீட்டில் எழுதுகிறாரோ, அவருக்கு அந்தக் கண்ணின் புருவத்துக்கு மேல் ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். இதுக்கு ஒரு டியூட்டியா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

குப்பம்மாக்காவை முகாமுக்கு மடக்கிவிட்டேன். எங்கள் தெருதான். ரோலிங் மில் கேட்டுக்கு எதிரே இட்லி விற்கிற நாஷ்டா வண்டி. வலது கண்ணில் புரை முற்றி, அந்தப் பக்கம் யார் நின்றாலும் தெரியாது.

"கண்ணுல கத்தி வெப்பானாமே. நான் மாட்டேன்."

"நேத்து சாம்பார்னு சொல்லி என் இட்லி மேல டீய ஊத்துன."

"அது ஒனக்குன்னு வேணும்னே ஊத்துனது." சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "எடது கண்ணுதான்மே என் சோறு. அதுக்கு எதுனா ஆச்சுன்னா வண்டிய எரிச்சுட்டு குந்திக்க வேண்டியதுதான்."

"அத எவன் தொடப்போறான்? வலதுலதான் பண்ணுவாங்க. நான் பொறுப்பு."

நான் பொறுப்பு. இந்த வார்த்தையை இதற்கு முன் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா?

ஜூன் 15, ஞாயிறு

கால் இரண்டும் மரக்கட்டை. ஆனால் நல்ல நாள். வந்தவர்கள் இருநூற்றுச் சொச்சம், ஆபரேஷனுக்குத் தேர்வானவர்கள் 31. ஆயிரத்து ஒன்று! தலைவர் மேடையில் எனக்கும் சால்வை போட்டார். எனக்கு! சால்வை!

காலையில் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஜடை பின்னுவது மாதிரி, தலையைச் சாய்த்துப் பிடித்து ஒட்டினேன். இருபத்திரண்டு பேர். சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் உள்ளே வந்துவிட்டது. நாற்காலியைச் சுவரோடு திருப்பிப் போட்டு, முன்னால் நின்று மீதி ஒன்பது பேர். குப்பம்மாக்கா வியாபாரம் முடித்துக் கடைசியில்தான் வந்தாள். "சாமி கும்புட்டுக்கினு ஒட்டுமே" என்றாள். அவளுக்கு முன்னால் அந்தோணி என்று ஒருவர், குடோன் வாட்ச்மேன். லாரி நம்பர் எழுத முடியவில்லையாம், வலது கண் பனி மூட்டமாக இருக்கிறதாம். ஒட்டி முடித்ததும் எனக்குக் கை கூப்பி நன்றி சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி பஸ் சென்னைக்குக் கிளம்பியது. நாளைக்கு சுகர், பிரஷர் டெஸ்ட். செவ்வாய் காலை ஆபரேஷன்.

ஜூன் 16, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

சாயங்காலம் மடலுக்குப் போட்டோ தேடினேன். பஸ் முன்னால் முப்பத்தொரு பேரும் நிற்கிற போட்டோ. பெரிதாக்கிப் பார்த்தேன். குப்பம்மாக்கா பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். பிளாஸ்டர் இடது கண் மேல்.

இடது.

செல்போன் திருப்பிக் காட்டுகிறது, கண்ணாடி மாதிரி, அதுதான் என்று நினைத்தேன். பின்னால் கிளப் பேனர் இருந்தது. எழுத்தெல்லாம் நேராக இருந்தது. நேசக்கரம் என்று அழகாகப் படிக்க வருகிறது. போட்டோ திரும்பவில்லை. நான்தான் திரும்பி நின்றேன்.

பின்னால நின்னப்ப என் வலது அவங்க வலது. முன்னால வந்தப்புறம் என் வலது அவங்க எடது. சீட்ட பாத்து வலதுன்னு படிச்சிட்டு என் வலது கைப்பக்கமே ஒட்டிக்கினு போயிருக்கேன். ஒம்போது பேருக்கும். ஐயோ ஒம்போது பேருக்கும்! என்னிடம் இருக்கிற டாக்டர் சீட்டுகளின் அடிக்கட்டையை வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தேன். காலையில் ஒட்டினது இருபத்திரண்டும் சரி. மத்தியானம் ஒட்டினது ஒன்பதும் தப்பு. ஒன்றுகூடத் தவறாமல் தப்பு.

நாளைக்குக் காலையில் அவளோட நல்ல கண்ணைக் கிழிப்பாங்க.

தலைவருக்குப் போன் செய்தேன். "அங்க இருக்கிறவங்க இன்னா மடையனுங்களா? சீட்டுல எழுதிக்கிது இல்ல? பாத்துதான் பண்ணுவாங்க. நீ யார்கிட்டயும் வாயத் தொறக்காத. நாளைக்கு பேப்பர்ல நியூஸ் வருது." பஸ்ஸோடு போன கிளப் ஆள் செல்லை அணைத்து வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரி நம்பரில், "காலையில பேசுங்க, வார்டுக்கு இப்ப லைன் கொடுக்க மாட்டோம்."

சீட்டைப் பார்ப்பார்கள். பார்ப்பார்கள்தானே? அப்புறம் எதுக்கு பிளாஸ்டர்? சீட்டு பார்க்கிறதுக்கு நேரமில்லாமத்தானே பிளாஸ்டர்?

அம்மாவிடம் சொன்னேன். சண்டை வரும் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். மூன்று வாரத்துக்கும் மேலாயிற்று, முதல்முறை என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "மொத வண்டி எத்தினி மணிக்கு?"

ஜூன் 17, செவ்வாய்

ரயிலில். பொன்னேரி தாண்டிவிட்டது. எதிர்ச் சீட்டில் ஒருத்தர் என்னையே பார்க்கிறார், அழுகிறேன் போல. சீட்டு அடிக்கட்டை மடியில் இருக்கிறது. சீக்கிரம் போயேன், சனியனே.

7.25. ஆஸ்பத்திரி. கீழே கவுன்ட்டரில் ஒரு பெண். சொன்னேன். புரியவில்லை. மறுபடியும் சொன்னேன், நாற்காலியைத் திருப்பினதிலிருந்து. "கேம்ப் பேஷன்ட்டா? ரெண்டாவது மாடி. அட்டென்டர் வந்து கூட்டிக்கிட்டுப் போகாம விட மாட்டாங்க. உட்காருங்க." உட்கார்ந்திருக்கிறேன். உட்கார முடியலை. ஆறு மணிக்கே தியேட்டர் ஆரம்பிச்சாச்சாம்.

7.50. இன்னும் விடவில்லை. லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் பச்சைத் துணி போட்ட யாராவது வருகிறார்கள். ஒருத்தருக்கு இடது கண்ணில் கட்டு. நம்ம ஆள் இல்லை. யாரோ.

8.05. போய்க்கினே இருக்கேன். தடுத்தா தடுக்கட்டும்.

மத்தியானம். இப்போது எழுத முடிகிறது.

படியேறி ஓடினேன். வார்டு வாசலில் நர்ஸ் மறித்தார். அடிக்கட்டையை நீட்டி, கவரைப்பேட்டை கேம்ப், ஒன்பது பேர், பிளாஸ்டர், என்று திக்கினேன். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "நீதானா அந்த பிளாஸ்டர்?"

தெரிந்திருக்கிறது. குப்பம்மாக்காவால் தெரிந்திருக்கிறது. ஆறே காலுக்கு அவள் இடது கண்ணில் சொட்டு மருந்து விட வந்தார்களாம். "ஏமே, இது என் நல்ல கண்ணுமே! இதுல கைய வெச்ச, ஒன் கைய ஒடிச்சு அடுப்புல வெப்பேன்" என்று வார்டே எழுந்திருக்கிற மாதிரி கத்தியிருக்கிறாள். அப்புறம்தான் சீட்டை எடுத்து எல்லோருக்கும் ஒத்துப்பார்த்திருக்கிறார்கள். ஒன்பது பேரில் ஒருத்தருக்கு சுகர் அதிகம், ஆபரேஷனே இல்லை. ஏழு பேருக்குப் பிளாஸ்டரைப் பிய்த்து மாற்றி ஒட்டிவிட்டார்கள்.

"ஏழும் ஒண்ணும் எட்டு சிஸ்டர்."

நர்ஸ் கையிலிருந்த லிஸ்ட்டைப் பார்த்தார். "ஒருத்தர் அதுக்கு முன்னாடியே உள்ள போயிட்டாரு. மருந்து போடும்போதும் ஒரு வார்த்தை பேசலை."

அந்தோணி.

"அவர் கண்ணு?" என்று கேட்டேன். "பயப்படாத. இடது கண்ணுலயும் புரை இருந்துச்சு, எப்படியும் பண்ண வேண்டியதுதான். கண்ணு நல்லா இருக்கு. ஆனா வலதுக்கு அவர் திரும்பி வரணும். இதை நாங்க எழுதி வெச்சிருக்கோம், உங்க கிளப்புக்கும் லெட்டர் போகும்."

குப்பம்மாக்காவைப் பார்த்தேன். வலது கண்ணில் கட்டு. வலது. இரண்டு தடவை என் கையைத் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டேன். "எவளோ ஒரு சோம்பேறி மாத்தி ஒட்டிக்கிறாமே" என்றாள், ஒட்டினது யாரென்று தெரியாதவள் மாதிரி.

"நான்தான்க்கா."

கட்டில்லாத கண்ணால் என்னை முறைத்தாள். "டீய ஊத்துனதுக்கு பழி வாங்கினியா?" தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது. நல்லா வலிக்கட்டும்.

அந்தோணி மூலையில், முழங்கால் மேல் இரண்டு கையும் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போகவில்லை. போக முடியலை.

ஜூன் 18, புதன்

அம்மா சோறு போட்டுக் கூப்பிட்டாள், தட்டை மூடி வைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

லெட்டர் வந்துவிட்டது. தலைவர் கடைக்குக் கூப்பிட்டார். பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். கத்துவார் என்று போனேன். மெதுவாகப் பேசினார், அதுதான் பயமாக இருந்தது.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. அந்த ஆளுக்கே தெரியாது. அடுத்த மாசம் ரெண்டாவது கண்ணுன்னு சொல்லி நாமளே கூப்பிட்டுக்கினு போயிடலாம். வெளிய தெரிஞ்சா இனிமே ஒருத்தன் கேம்ப்புக்கு வருவானா? நீ சொல்லு. ஆயிரம் பேருக்குக் கண்ணு வந்திருக்குது. ஒன் ஒரு வாயால அது நிக்கணுமா?"

அவர் சொல்வதில் பாதி உண்மை. உண்மை இல்லாத பாதி எது என்று வரும் வழியெல்லாம் தேடிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

குடோன் கேட் வரை போனேன். அந்தோணி இல்லை, லீவாம். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அவர் வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒற்றை அறை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "வாம்மா, பிளாஸ்டர் பொண்ணு" என்று ஸ்டூலைத் தள்ளினார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். ஒரே மூச்சில் சொன்னேன். நாற்காலி, வெயில், என் வலது, அவர் இடது. அடித்தாலும் சரி, ஊரைக் கூட்டினாலும் சரி.

பூண்டை உரித்துக்கொண்டே இருந்தார். ஒரு பல், இன்னொரு பல்.

"அப்டியா. அதான் வலது இன்னும் மூட்டமா கீது. ஆபரேஷன்னா இப்டிதான் இருக்கும் போலன்னு நெனச்சேன்."

"நீங்க அங்க சொல்லியிருக்கலாமே அண்ணா? வேற கண்ணுன்னு?"

அப்போதுதான் நிமிர்ந்தார். "சொல்லலாம். அத்தினி பேரு கோட்டு போட்டுக்கினு நிக்கிறாங்க. நான் யாரு, அவங்களுக்கு இது எந்தக் கண்ணுன்னு சொல்றதுக்கு? தெரிஞ்சுதான் பண்றாங்கன்னு படுத்துக்கினேன்." பூண்டைக் கீழே வைத்தார். "உள்ள எனுக்கு எவ்ளோ பயமா இருந்துச்சு தெரியுமா? கத்தணும்போல இருந்துச்சு. வாய் வரல."

"வலதுக்கு நானும் கூட வரேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு நின்றேன்.

"இன்னொரு வாட்டி லீவு போட்டா கான்ட்ராக்டரு வேற ஆளப் போட்டுடுவான்மா" என்றார். "நீ போ இப்ப. அப்புறம் பேசலாம்."

அப்புறம் என்றால் எப்போது?

ஜூன் 24, செவ்வாய்

கூட்டத்தில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். வேலை போய்விடும் என்று அந்தோணி அண்ணன் பயப்படுவதையும் சொன்னேன். மடலில் இதைப் போடுவேன், வேண்டாம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். தலைவர் முகம் சிவந்துவிட்டது. கடைசி வரிசையில் ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர், "அந்த ஆளுக்கு வேலை போனா நாம என்னத்த சேவை பண்ணோம்?" என்றார். செயலாளருக்கு அந்தக் கான்ட்ராக்டரைத் தெரியுமாம்.

ராத்திரியே மடல் அடித்து அனுப்பினேன்; தலைவர் பிளாஸ்டர் விஷயத்தில் பாதி வரிகளை வெட்டிவிட்டு மீதியைப் போட விட்டார்.

ஜூலை 29, செவ்வாய்

அந்தோணி அண்ணனின் வலது கண்ணுக்கு ஆபரேஷன். நான் கூடப் போனேன். கான்ட்ராக்டர் நாலு நாள் லீவு கொடுத்தான், செயலாளர் மூன்று முறை போய் நின்ற பிறகு. தியேட்டர் கதவு வரைக்கும் பிளாஸ்டரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கதவருகில் அவர் நின்று நர்ஸிடம், சத்தமாக, "வலதும்மா. வலது கண்ணு" என்றார். வார்டே திரும்பிப் பார்த்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பொன்னேரி முகாம். பிளாஸ்டர் டியூட்டி வேண்டாம் என்று தலைவரிடம் கெஞ்சினேன். "இனிமே நீ மாத்தி ஒட்ட மாட்ட, நீதான் ஒட்டணும்" என்றுவிட்டார். முதல் ஆள் உட்கார்ந்ததும் என் விரல் பிளாஸ்டரைப் பிரிக்கவே இல்லை. பக்கத்து நாற்காலியில் அந்தோணி அண்ணன். அவர் சொல்லித்தான் எல்லாம் நடக்கிறது: "எந்தக் கண்ணுக்கு ஆபரேஷன்? ஒங்க கையாலயே மூடுங்க." அவர்கள் மூடுகிறார்கள். அவர் சீட்டைப் படிக்கிறார். பிறகுதான் நான். இருபத்தாறு பேர். இருபத்தாறு தடவையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தேன்.

மடல் அடித்து முடித்தேன். உறுப்பினர் செய்திகள்: பொருளாளருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். திருமதி குப்பம்மாள் முகாமுக்கு நூறு இட்லி தந்தார், சாம்பாருடன். புதிய உறுப்பினர்: திரு. அந்தோணி, வாட்ச்மேன், கவரைப்பேட்டை.

தலைவருக்கு அனுப்பினேன். இந்தத் தடவை அவர் ஒரு வரியும் வெட்டவில்லை.