மோத்திக்கு வேகும் கோழி

பாய்,

இன்று கிருத்திகை. காவடிகள் மலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எங்கள் கொல்லையில் கோழி வேகிறது. உப்பும் மஞ்சளும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகும் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன். "கைநாட்டு பாவா" என்று தெருவே கேட்கக் கூப்பிடுவாயே, அந்தக் கைக்கு இப்போது 'ழ' கூட வருகிறது. அதைச் சுழித்து முடிக்கும்போது வாயில் வெல்லம் போட்டது போல இருக்கிறது.

கிருத்திகையும் அதுவுமாகக் கோழியா என்று மருமகள் முணுமுணுத்தாள். தனி அடுப்பு, தனிச் சட்டி என்று சமாதானம் சொன்னேன். முன்பு இதே போல் ஒரு நாளில், உன் பூனை மோத்திக்கு ஒரு வேளை தயிர்சாதம் வைத்தால் என்ன என்று நானே உன்னிடம் கேட்டிருக்கிறேன். சோறு தின்றால் அதற்குச் சர்க்கரை ஏறிவிடும் என்றாய். பிறகு சிரித்தாய். "உங்க சாமி மயிலுக்குத் தயிர்சோறு வெச்சா, அது பாம்ப உட்டுடுமா பாவா?"

உன் மெக்கானிக் ஷெட்டில் தினமும் அதே வேலைதான். கை கிரீஸைத் துடைத்துவிட்டுத் தட்டை வைப்பாய். மோத்தி தின்று முடித்ததும் நான் பிடித்துக்கொள்வேன், நீ பிடரியில் சர்க்கரை ஊசி போடுவாய். தட்டு வைக்கும்போது உன் உதடு அசையும். தறிச் சத்தத்தில் பாதிக் காது போனவன் நான், எதுவும் கேட்காது. பூனையைத் திட்டுகிறாய் என்றே நினைத்திருந்தேன்.

நீ போய்விட்டாய். உன் வீட்டம்மாவுக்குக் கண் மங்கல், ஊசியில் கோடு தெரியாது. அதனால் மோத்தி என் வீட்டுக்கு வந்தது. வந்தது தட்டைத் தொடவில்லை. முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெறும் வயிற்றில் ஊசி போட்டால் மயங்கி உயிரே போய்விடும், போடாமல் நாளைக் கடத்தினாலும் பிழைக்காது என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர். முருகா என்று சொல்லிக் கையில் வைத்து ஊட்டிப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

உன் வீட்டு வாசலில் போய் நின்றேன். உன் துக்கத்துக்கு இத்தா இருக்கிறவள் வெளியே வரமாட்டாள். அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டதால்தானே நான் மச்சான் முறையாகி உனக்குப் பாவா ஆனேன். திரைக்குப் பின்னாலிருந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"தட்டு வெக்கும்போது பிஸ்மில்லா சொன்னீங்களாண்ணா? அவரு சொல்லாம அது வாய் வெக்காது."

திட்டு இல்லையா அது, பாய்.

வீட்டுக்கு வந்து தட்டை வைத்துச் சொன்னேன். பழகாத நாக்கு, பாதியில் தடுக்கியது. மோத்தி சட்டென்று எழுந்து, தட்டைத் தாண்டி, வாசலுக்கு ஓடியது. நானும் திரும்பிப் பார்த்துவிட்டேன். அங்கே யாரும் இல்லை. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பி வந்து தின்றது. நான் அழுதுகொண்டே ஊசி போட்டேன்.

அதன் பிறகும் பல நாள், நான் சொல்லும்போதெல்லாம் ஓடிப் பார்த்துவிட்டுத்தான் வந்தது. இப்போது ஓடுவதில்லை. என் குரல் கேட்டதும் நேரே தட்டுக்கு வந்துவிடுகிறது. நன்றாகப் பழகிவிட்டது என்று டாக்டர் சந்தோஷப்படுகிறார்.

வாசலைப் பார்ப்பது இப்போது நான் ஒருவன்தான்.