கூடத்துக்குள் வந்த கன்று

மார்கழி 11, 1995

டவுனை ஒட்டின இந்தக் கணபதியில் இந்த வருஷம் பனி அதிகம். "ஏனுங்க, கிறுக்குனது போதும், காப்பி ஆறிப்போகுது" என்று குழந்தையம்மாள் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டாள். அறிவொளி வகுப்பில் சேரும்வரை நான் கைநாட்டு. கட்டினவளுக்கு நான் எழுதுவது இன்னும் வேடிக்கைதான். மகன் பாலுசாமியின் பம்புசெட் கம்பெனி டைரியில் கோழி கிளறினதுபோல எழுதுகிறேன். எனக்கு எதுவும் மறக்காது, எழுதி வைக்கவேண்டிய அவசியமில்லை. பேச ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

வீடு பெரிசு. மொசைக் தரை, கூடத்தில் சோபா, அதன் பக்கத்தில் போன். பாலுசாமி விடிந்ததும் ஃபவுண்டரிக்குப் போனால் நாங்கள் படுத்த பிறகுதான் வருகிறான். மருமகள் வசந்தாமணி, பேத்தி லோகப்பிரியா, நாங்கள் இருவர். ஆளுக்கொரு நேரம் சாப்பாடு.

மார்கழி 15

குழந்தையம்மாள் கேட்கிறாள், "பையன் சிரிச்சு எத்தனை நாளாச்சுங்க?" யோசித்துப் பார்த்தேன். எனக்கே ஞாபகம் வரவில்லை. எனக்கு!

மார்கழி 18

துணி காயப்போடும் இடத்தில் வசந்தாமணி மெதுவாகச் சொன்னாள்.

"பொங்கல் கழிஞ்சதும் பாப்பாவக் கூட்டிக்கிட்டு ஈரோட்டுக்குப் போறனுங்க மாமா. அம்மா ஊட்டுக்கு. அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்திரலாம்னு."

"சண்டையா கண்ணு?"

"சண்டை போடறதுக்கும் ஆள் ஊட்டுல இருக்கோணுங்களே."

நீலப்பெட்டியில் துணிகூட அடுக்கிவிட்டாளாம். "அவுருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. நானே சொல்லிக்கறேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன்.

மார்கழி 20

பாலுசாமி செருப்பு மாட்டும்போது பிடித்துக்கொண்டேன். "ஒரு நாளைக்கு மதியம் ஊட்டுக்குச் சாப்பிட வா சாமி."

"ரெண்டாவது ஷெட்டுப் போட்டுட்டு இருக்கறனுங்கப்பா. எல்லாம் உங்களுக்குத்தானுங்க."

எங்களுக்கா? நானும் உன் ஆத்தாளும் என்ன கேட்டோம்? இதைக் கேட்பதற்குள் கார் போய்விட்டது.

மார்கழி 27

கிணறு வற்றின வருஷம் ஞாபகம் வருகிறது. வெள்ளாமை இல்லை, எருதுகளை விற்றாயிற்று. பட்டியில் ஒரு பசுவும் கன்றும்தான். இருந்தும் மாட்டுப்பொங்கலன்று பட்டி நோம்பி கும்பிட்டோம். சாணியால் கரை கட்டி, தண்ணீர் விட்டு, பூப்போட்டுத் தெப்பம் செய்தேன். கன்றை அதில் இறக்கித் தாண்டவிட வேண்டும், அதுதான் வழக்கம். கன்றைப் பிடித்துக்கொண்டு வந்த பாலுசாமி வழுக்கித் தெப்பத்துக்குள் உட்கார்ந்துவிட்டான். சின்னப் பையன். அழுவான் என்று பார்த்தால் சிரித்தான், விக்கல் விக்கலாக. அவனைப் பார்த்து நாங்கள் சிரிக்க, குழந்தையம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராத்திரிக்குச் சோளச்சோறு மட்டும்தான். அன்றைக்கு எங்களை ஏழைகள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இந்த வருஷம் இங்கேயே தெப்பம் கட்டுவேன். பால்காரர் மாரப்பனிடம் கன்று கேட்டிருக்கிறேன். வேறு என்ன வழி தெரியும் எனக்கு?

தை 2, 1996

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஃபவுண்டரிக்கு லீவு, பாலுசாமி வீட்டில்தான். ஆனால் போனோடு. அந்தப் பக்கம் பம்பாயிலிருந்து நம் ஊர்க்கார டீலர் ஒருவர், அங்கே அவருக்கு ஏது மாட்டுப்பொங்கல்?

கார் நிற்கும் போர்ட்டிகோவில் தெப்பம் கட்டினேன். கன்று கிழக்கே பார்த்துத் தாண்ட வேண்டும். கைப்பழக்கத்தில் கிழக்கு பார்த்தே கட்டிவிட்டேன். ஊரில் தெப்பத்துக்கு அந்தப் பக்கம் வெறும் காடு. இங்கே அந்தப் பக்கம் வீட்டு வாசற்படி, கதவு அகலத் திறந்து கிடக்கிறது. இது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

கன்று நகர மறுத்தது. "தட்டத்த அடி கண்ணு!" என்றேன். லோகப்பிரியா தட்டத்தை அடிக்க, குழந்தையம்மாள் "பட்டி பெருகோணும், பால் பெருகோணும்" என்று கத்த, மாரப்பன் பின்னாலிருந்து தள்ள — டவுன் கன்று, இந்தச் சத்தமெல்லாம் எங்கே கேட்டது? ஒரே பாய்ச்சல். தெப்பத்தை மிதித்து, படியேறி, கூடத்துக்குள்!

மொசைக்கில் நாலு காலும் நாலு பக்கம் போயிற்று. வழுக்கிக்கொண்டே போய் பாலுசாமியின் காலடியில் விழுந்து எழுந்தது. அவன் காதில் போன்.

"ஒரு நிமிசங்க சார்... கன்னுக்குட்டி வந்திருச்சுங்க... இல்லீங்க சார், ஊட்டுக்குள்ள... எங்களுதில்லீங்க, பால்காரருதுங்க..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கன்று அவன் வேட்டி நுனியை வாயில் வாங்கி மெல்ல ஆரம்பித்தது. அவன் ஒரு கையால் வேட்டியை இழுக்கிறான், அது விடவில்லை.

வாசலில் நின்ற வசந்தாமணி, "அவுரு கிட்டப் போனாப் பேச நேரமிருக்காதுன்னு அதுக்கு யாரும் சொல்லலயாட்ட இருக்குது" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

பாலுசாமி அவளைப் பார்த்தான். முகம் கோபத்துக்குத்தான் போனது. பாதி வழியில் ஒரு விக்கல். இன்னொரு விக்கல். போனை வைத்துவிட்டான். பிறகு அதே சிரிப்பு — கிணறு வற்றின வருஷத்துச் சிரிப்பு, ஒரு மாற்றமும் இல்லை. கன்றின் காலோடு வந்த சாணி அப்பின தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

குழந்தையம்மாள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தை 3

ஒரு நாள் சிரித்தால் ஆயிற்றா? பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது.

தை 4

கன்றின் கழுத்துச் சலங்கையைக் காணோம் என்று மாரப்பன் காலையில் வந்தார். அன்றைக்குப் பிடிப்பதற்குள் கன்று எல்லா ரூமுக்கும் போய் வந்ததால் வீடெல்லாம் தேடினோம். பாலுசாமி தங்கள் கட்டிலுக்கடியில் குனிந்தான். சலங்கை இருந்தது. பெட்டியும் இருந்தது.

"இதென்ன, துணி அடுக்கி வெச்சிருக்குது?"

வசந்தாமணி சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், கூடத்திலிருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. நான் மாரப்பனைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனேன். அது நாம் நின்று கேட்கும் பேச்சில்லை.

திரும்பி வந்தபோதும் ரூமுக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கார் நகரவில்லை. ஃபவுண்டரியிலிருந்து போன் அடித்தது. குழந்தையம்மாள் எடுத்து, "அவன் ஊட்டுல வேலையா இருக்கறானுங்க" என்று வைத்துவிட்டாள்.

மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். லோகப்பிரியா அப்பன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டாள். அவன் அவள் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான்.

தை 5

ரெண்டாவது ஷெட் ஆடிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று பாலுசாமி போனில் யாரிடமோ சொன்னான்.

தை 7

வசந்தாமணி ஈரோட்டுக்குப் புறப்பட்டாள். அதே நீலப்பெட்டி. பாலுசாமிதான் தூக்கினான்.

"என்ன இந்தக் கனம் கனக்குது? என்ன வெச்சிருக்கறே?"

"உங்க வேட்டிதானுங்க. கன்னுக்குட்டி மென்னது போக மீதி."

லோகப்பிரியா காரில் ஏறி, என்னைப் பார்த்து, "ரெண்டு நாள்ல மூணு பேரும் வந்தர்றமுங்க அப்பாரு, தெப்பத்தக் கழுவிப்போடாதீங்க" என்று கத்தினாள்.