கடைசி ஆள்

தீவிலிருந்து
ஜூன் 6, 1993

கோபக்காரி கார்மேலாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இதற்குள் யார் மூலமாவது எனக்குத் திட்டு வந்து சேர்ந்திருக்கும். நானும் நலம். மாடியில் ஒழுகிய இடத்தை அடைத்துவிட்டேன். உன் கேப்பர் செடிகள் இந்த வருஷம் பின்சுவரையே மூடிவிட்டன. மொட்டுகளைப் பறித்து உப்பில் போட்டு, ஒரு ஜாடியைப் படகுக்கார நீனோவிடம் கொடுத்தனுப்புகிறேன். உப்பு கூடிவிட்டது என்று எழுதாதே, நீ போடுகிற அளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விடுமுறைக்கு வந்த உன் மகள் ஆகத்தா அக்கரைக்கு, மிலாத்சோவுக்கு, திரும்பப் போவதில்லை என்கிறாள். லிபோரியோவிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வேறென்ன வேலை, நான் செய்கிற அதே வேலைதான். காலைப் படகில் வருகிறவர்களை எட்டெட்டுப் பேராக எரிமலைக்குக் கூட்டிப்போய்க் காட்டி, சாயங்காலப் படகில் ஏற்றிவிடுவது. நான் முன்னால் போகிறேன், அவள் கடைசி ஆளாக வருகிறாள். ஜெர்மன், பிரெஞ்சு இரண்டும் வெளுத்து வாங்குகிறாள். நீ படிக்கவைத்தது வீண்போகவில்லை.

உனக்கு அவளையே எழுதச் சொன்னேன். "நீயே எழுதுப்பா. எங்கிட்டன்னா போன்ல கத்துவா. உங்கிட்டன்னா பேப்பர்லதான கத்துவா" என்றாள். பாரில் இருக்கும் போனில் நானே சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே நாம் பேசினால் தீவு முழுக்க நமக்காகப் பதில் சொல்லும்.

மலைமேல் பெரியவர் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருக்கிறார். நேற்று இரண்டு கல்லைக் கடல்வரை உருட்டிவிட்டார்.

இன்னும் உன் கணவன் என்று கோயில் புத்தகம் மட்டும் சொல்கிற
சாரோ


மிலாத்சோ
ஜூன் 12

சாரோவுக்கு,

ஜாடி வந்தது. உப்பு கூடத்தான் இருக்கிறது.

மகள் விஷயத்தைக் கேப்பருக்கும் கூரைக்கும் நடுவில் வைத்து எழுத உன்னால்தான் முடியும். ஹோட்டல் படுக்கை விரிப்புகளை இத்தனை வருஷம் துவைத்துத் தேய்த்தது எதற்காக? அவள் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்க்கவேண்டும் என்பதற்காக. மேலே கூரை, கீழே ஆடாத தரை. நான் கேட்டது இவ்வளவுதான்.

உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. பெரியவர் எறிந்த கல் கூரையைத் துளைத்து அவள் கட்டிலில் விழுந்தது. பல்வலி என்று அழுது அவள் என் பக்கத்தில் வந்து படுத்ததால் இன்று நமக்கு ஒரு மகள் இருக்கிறாள். நீ என்ன செய்தாய்? கல் ஆறியதும் அதைக் கதவுக்கு அண்டக்கொடுத்தாய். அன்றைக்கே பெட்டியைக் கட்டினேன்.

இங்கே மலையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் படுக்கும்போது, எழுந்து ஓட வசதியாக, செருப்பை வாசலைப் பார்த்துத்தான் விடுகிறேன். அக்கம்பக்கத்துக்காரிகள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கென்ன தெரியும்.

மாதா திருநாளுக்குள் அவளை அனுப்பிவை.

கார்மேலா


தீவிலிருந்து
ஜூலை 4

அன்புள்ள கார்மேலா,

உன் கடிதத்தை ஆகத்தாவிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, கல் அண்டக்கொடுத்திருக்கிற கதவை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அனுப்பிவை என்கிறாய். அவள் என்ன பார்சலா?

ஒருநாள் அவளை வேலையில் பார்த்தால் நீ இப்படி எழுதமாட்டாய். முந்தாநாள் ஒரு டச்சுக்காரம்மா, நம் கேப்பர் சுவருக்கு மேலே முதல் வளைவிலேயே உட்கார்ந்துவிட்டார். யாராவது முடியாமல் உட்கார்ந்தால் கடைசி ஆள்தான் கூட்டிக்கொண்டு இறங்கவேண்டும் என்பது தெரியுமல்லவா. ஆகத்தா அந்த அம்மாவின் பையைத் தன் தோளில் மாட்டி, கையைப் பிடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டே இறக்கிவிட்டாள். கீழே போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மா அவளைத் தன் மகனுக்குக் கேட்டுவிட்டாராம்.

என் அப்பா சொல்லித்தந்ததையெல்லாம் நானும் சொல்லித்தந்திருக்கிறேன். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. கடைசி ஆள் இல்லாமல் வரிசை நகரக்கூடாது. திரும்பும்போது ஒதுங்கி நின்று, எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டுத்தான் இறங்கவேண்டும். எல்லாம் தலைகீழ்ப் பாடம் அவளுக்கு.

பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. நீயும் இங்கே பிறந்தவள்தானே.

சாரோ

போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். தலைக்கவசம் போட்டிருப்பவள் உன் மகள். பக்கத்தில் நான் கிழவனாகத் தெரிவது வெயிலால்.


மிலாத்சோ
ஜூலை 20

சாரோ,

போட்டோவைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருக்கிறேன். உன் பக்கத்தை மடித்துவிடலாம் என்று நினைத்தேன், மடிக்கவில்லை.

இங்கே இருந்த இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு அது வலிக்கிறது. வலிக்கிறது என்பதற்காக அந்தச் சிரிப்பை இல்லை என்று சொல்ல முடியுமா?

இருக்கட்டும். வேண்டியவரை இருக்கட்டும். நான் இனி மறிக்கப்போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், அவர் வாயை மூடிக்கொண்டால் அன்றைக்கே அவளைப் படகில் ஏற்றிவிடு. இதற்கு நீ சிரிக்கமாட்டாய் என்று தெரியும்.

கார்மேலா


தீவிலிருந்து
ஆகஸ்ட் 8

கார்மேலா,

அவர் வாயை மூடிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை விடியும் முன்பு ஊரே விழித்துக்கொண்டது. சத்தம் கேட்டு அல்ல, கேட்காமல். வெளியே வந்து பார்த்தால் ஒவ்வொரு வாசலிலும் ஆள் நிற்கிறது. பக்கத்து வீட்டு நுன்சியாத்தா மட்டும் சிலுவை போட்டுக்கொண்டு, செருப்பை எடுத்து வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். அன்றிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. புகையும் இல்லை. இத்தனை நாள் அவர் அடங்கி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

லிபோரியோ இப்போது கரைக்காரனாகிவிட்டான். குளிர்காலம் முழுக்க அக்கரையில்தானே இருக்கிறான். "கல்லு விழல, புகை இல்ல. இப்பத்தான் வாய் விளிம்பு வரைக்கும் போய் உள்ள எட்டிப் பாக்கலாம். இதவிட நல்ல நேரம் எப்ப வரும்?" என்கிறான். ஒன்றுக்கு இரண்டாகப் படகு விடுகிறான். காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே புதிதாக வந்த பையன், சத்தமே இல்லாததற்கு ஒரு புகாரா என்று கேட்டான்.

நான் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். லிபோரியோ என் குழுவை இன்னொரு வழிகாட்டியான மேலோவிடம் கொடுத்துவிட்டான். கூடவே ஆகத்தாவையும். போகாதே என்றேன். அவள் நம்மைப்போலப் பெரியவர் பேச்சைக் கேட்டு வளரவில்லை, கார்மேலா. அமைதி என்றால் அவளுக்கு அமைதிதான். "நாப்பது பேர் முன்னாடி நீ பயந்துட்டன்னு பேசுறாங்கப்பா. நானும் பின்வாங்கணுமா?" என்று கேட்டாள். நாளை ஒருமுறை போய்வந்து நல்லபடியாக இறங்கிவிட்டால், அதற்குப்பிறகு நான் என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

நீ கூப்பிடு. உடம்பு சரியில்லை என்று தந்தி கொடு. உன் பயத்தை இத்தனை வருஷம் கேலி செய்தவன் கேட்கிறேன்.

சாரோ


மிலாத்சோ
ஆகஸ்ட் 11

சாரோ,

கடிதம் கைக்கு வந்த அன்றே தந்தி கொடுத்தேன். அவள் பாரிலிருந்து போன் செய்தாள். "இந்தத் தடவ என்னம்மா? இருதயமா, கல்லீரலா?" என்று சிரிக்கிறாள். அவள் தப்பில்லை. பாலெர்மோவுக்குப் படிக்கப் போகிறேன் என்றபோது ஒருமுறை, அந்த மீன்கடைப் பையனோடு சுற்றியபோது ஒருமுறை நான் நோயென்று பொய்யாகப் படுத்திருக்கிறேன். இனி நிஜமாகவே செத்தாலும் நம்பமாட்டாள்.

பெரியவர் அடங்கிவிட்டார், வந்துவிடு என்று கெஞ்சினேன். அப்பா சொல்லிக் கொடுத்தாரா என்று கேட்டாள். மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டாளாம், உள்ளே எட்டிப் பார்த்தாளாம், சும்மா கறுப்பாகத்தான் இருக்கிறதாம்.

போனை வைத்துவிட்டு விரிப்பைத் தேய்க்கப்போனேன். ஒன்றைக் கருக்கிவிட்டேன். என்ன செய்யவேண்டும் என்று சொல். எதுவானாலும் செய்கிறேன்.

கார்மேலா


தீவிலிருந்து
ஆகஸ்ட் 13

கார்மேலா,

நீனோ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான், அவசரமாக எழுதுகிறேன். நான் யோசித்துப் பார்த்தேன், ஒரு வழிதான் இருக்கிறது. நீ வா.

திங்கட்கிழமைக் காலைப் படகில், மற்றவர்களைப்போலச் சுற்றிப்பார்க்க வருகிறவளாக வா. உன் வேலையைப் பார்க்க வந்தேன், உன்னோடு ஒருமுறை மேலே வரவேண்டும் என்று அவளிடம் சொல். சந்தோஷப்படுவாள். மேலோவின் குழுவில் எட்டாவது ஆளாக உன்னைச் சேர்க்க நீனோ பார்த்துக்கொள்வான். கேப்பர் சுவர்வரை நட. முதல் வளைவில் முட்டி போய்விட்டது என்று உட்கார்ந்துவிடு. யார் தூக்கினாலும் எழாதே.

கடைசி ஆள் அவள்தான். உன்னை இறக்கிக்கொண்டு போயே ஆகவேண்டும். நீ வேறு யாராக இருந்தாலும் அவள் அதைத்தான் செய்வாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கீழே வந்ததும் வலி தாங்கவில்லை என்று சாயங்காலப் படகில் அவளையும் கூட்டிக்கொண்டு போய்விடு. கடைசி ஆள் இல்லாமல் மேலோ ஏறமாட்டான், மற்றவர்களும் திரும்பிவிடுவார்கள்.

நீ இந்தத் தீவில் கால் வைப்பதில்லை என்று சத்தியம் செய்திருப்பது தெரியும். மாதா மன்னிப்பாள்.

சாரோ


தீவிலிருந்து, உன் மேசையிலிருந்து
செப்டம்பர் 19

சாரோ,

இதை நீனோவிடம் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

நீ சொன்னபடியே செய்தேன். படகுத்துறையில் என்னைக் கண்டதும் அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வழியெல்லாம் ஒவ்வொருவரிடமும் அவரவர் பாஷையில் என் அம்மா, என் அம்மா என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே போய் நான் பொய்யாக உட்காரவேண்டியிருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவள் மண்டியிட்டு, என் செருப்பைக் கழற்றி, முட்டியைத் தேய்த்துவிட்டாள்.

ஆனால் மேலோவைப் பற்றி நீ எழுதியது தப்பு. கடைசி ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, திரும்பினால் லிபோரியோ சும்மா விடமாட்டான் என்றான். போகாதீர்கள் என்று அந்த ஏழு பேரிடமும் கத்தினேன். யாருக்கும் புரியவில்லை, மரியாதையாகச் சிரித்தார்கள். நான் சொல்வதை அவர்களுக்குச் சொல்லடி என்று ஆகத்தாவிடம் கெஞ்சினேன். "அம்மா, என் மானத்த வாங்காத" என்றாள்.

அப்போதுதான் நீ சுவருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாய், தலைக்கவசத்தோடு. எவ்வளவு நேரமாக அங்கே உட்கார்ந்திருந்தாய்? "அம்மாவ நீ இறக்கிக் கூட்டிட்டுப் போ. கடைசில நான் நிக்கிறேன்" என்று அவளிடம் சொன்னாய். என்னைக் கடக்கும்போது குனிந்து, "உப்பு கூடத்தான் போச்சு" என்றாய். கல்யாணமான நாளிலிருந்து நீ ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

நாங்கள் கோயில் திருப்பத்துக்கு வந்தபோது பெரியவர் வாயைத் திறந்தார். அதைப் பற்றி எழுதமாட்டேன்.

மேலோ எல்லாவற்றையும் சொன்னான். வழிநெடுக நீ பின்னாலிருந்து சண்டை போட்டுக்கொண்டே போனாயாம். விளிம்புக்குக் கீழே ஒரு கல்லில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, அவன் கையையும் இழுத்து வைத்துக் காட்டினாயாம். சுட்டதாம். அப்புறம்தான் அவன் திரும்பச் சொன்னான். திரும்பும்போது நீ ஒதுங்கி நின்றாய். ஒவ்வொருவராக உன்னைத் தாண்டி இறங்கினார்கள். ஏழு பேரும் வந்தார்கள், மேலோவும் வந்தான். சிலருக்கு முதுகு வெந்திருந்தது, ஆனால் வந்தார்கள். கடைசி ஆள் வரவில்லை.

மேலோ கோயிலில் எல்லார் முன்னாலும் என் காலில் விழுந்தான். உதைக்கத்தான் நினைத்தேன். முட்டி வலிக்காரி எப்படி உதைப்பது?

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மேலோ திரும்பமாட்டான் என்று உனக்கு முன்னாலேயே தெரியுமா? தெரிந்துதான் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாயா? தெரிந்திருந்தால் எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் நான் வந்திருக்கமாட்டேன் என்றா பயந்தாய்? வந்திருப்பேன், சாரோ. அதை நினைத்துத்தான் என்னால் தூங்கமுடியவில்லை. மகளுக்காக உன்னைக் கொடுத்திருப்பேன், இத்தனைக்கும் பிறகு உன்னை நேசித்துக்கொண்டே.

மிலாத்சோவுக்கு அவள் வரமாட்டேன் என்கிறாள். அதனால் நானும் போகவில்லை. மாடி மறுபடி ஒழுகுகிறது. பெரியவர் இப்போது ஓயாமல் பேசுகிறார். கேட்டால் கோபம் வருகிறது, நின்றால் பயம் வருகிறது.

முந்தாநாள் சாப்பிடும்போது ஆகத்தா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அன்னைக்கு உன் முட்டி மட்டும் வலிக்காம இருந்திருந்தா அப்பா கீழதான் இருந்திருப்பாரு. உம்மேல கோபமில்லம்மா. அந்த முட்டி மேலதான்." சொல்லிவிட்டு எழுந்துபோய் எண்ணெய் எடுத்துவந்து தேய்த்துவிட்டாள். தினமும் தேய்த்துவிடுகிறாள்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியம் அவளுக்குத் தெரியவே கூடாது. முட்டி மேலேயே கோபப்படட்டும். உன் கடிதங்களையும் இதையும் கேப்பர் ஜாடிக்குள் போட்டு மூடிவிடுவேன். உப்பு கூடிய ஜாடியை அவள் தொடமாட்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டாள். எழுந்து நொண்ட வேண்டும்.

உன்
கார்மேலா