நில உரிமையாளரின் அறியாமை

ஓடைப்பட்டி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்.

அன்பு மகள் பெனிஷாவுக்கு அப்பா மரிய ஜோசப் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். சென்னையில் நீ சுகமாயிருக்கத் தினமும் ஜெபம் சொல்கிறோம். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

பன்னீர் திராட்சை இந்தத் தடவை மழையில் வெடித்துவிட்டது. கம்பத்து வியாபாரி முகைதீன் வந்து பார்த்துவிட்டு, ஜூஸுக்குத்தான் ஆகும்ண்ணே என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

போன சனிக்கிழமை உன் ஸ்டான்லி மாமா வேன் பிடித்தார். தேனியில் புதிதாகத் திறந்திருக்கிற அருங்காட்சியகத்தில் நம் தோட்டத்து முதுமக்கள் தாழி கண்ணாடிக்குள் இருக்கிறதாம், பார்த்தே ஆக வேண்டுமென்று பதினோரு பேர். மூன்று வருஷத்துக்கு முன்னால் திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் நடக் குழி தோண்டியபோது என் கடப்பாரையில் தட்டுப்பட்ட தாழி அல்லவா? நானும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி கிளம்பினேன்.

கண்ணாடிக்குக் கீழே எழுதியிருந்ததை மாமாதான் சத்தமாக வாசித்தார். ‘இத்தாழியில் இருந்த குழந்தையின் எலும்புகள் நில உரிமையாளரின் அறியாமையால் அப்புறப்படுத்தப்பட்டன.’ வாசித்து முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. வந்தவர்கள் எல்லாரும் பக்கத்தில் இருந்த பழைய காசுகளை அப்படி உற்று உற்றுப் பார்த்தார்கள். அங்கே வேலை செய்கிற சினேகா என்ற பெண், எங்கள் முகம் போன போக்கைக் கவனிக்காமல், இதெல்லாம் சென்னைத் தொல்லியல் ஆபீஸ்ல இருக்கிற பெனிஷா மேடம் எழுதுனது, நம்ம பக்கத்துக்காரகதான், அவுகளத் தெரியுமா என்று பெருமையாகக் கேட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

என் பெயரைப் போடாமல் விட்டிருக்கிறாய். காப்பாற்றியது என் பெயரையா உன் பெயரையா என்று வேனில் வருகிற வழியெல்லாம் யோசித்தேன். தாழியைத் திறந்த அன்று உனக்குத்தான் முதலில் போன் போட்டேன், மூன்று தடவை. நீ எடுக்கவில்லை. உள்ளே விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன எலும்புகள். புது வேட்டியில் முடிந்து, பங்குச் சாமியாரை மந்திரிக்கச் சொல்லி, நம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தேன். மறுநாள் நீ கூப்பிட்டுக் கத்தினாய். அது மூவாயிரம் வருஷத்துப் பிள்ளைப்பா, நம்ம வேதத்திலேயே சேராத பிள்ளை, அதுக்கு எதுக்குப்பா மந்திரம் என்றாய்.

அன்றைக்குச் சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன். உனக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான். மூன்று நாள் இருந்தான். ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டான். வீட்டில் யாராவது தலையில் தண்ணீர் ஊற்றி ஜெபம் சொல்லியிருந்தாலே போதுமாம். அது எங்களுக்குத் தெரியவில்லை. தண்ணி ஊத்தாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துல எடம் கெடையாது என்று அன்றிருந்த கோயில் உபதேசியார் சொல்லிவிட்டார். எதிர்த்துப் பேச எனக்கு அன்று வாய் இல்லை. ஓடைக்கரையில் புதைத்தேன். அந்த ஐப்பசி வெள்ளத்தில் கரையே போய்விட்டது. உன் அம்மா போய் உட்கார்ந்து அழ ஒரு பிடி மண்கூட மிஞ்சவில்லை.

அந்தத் தாழிப் பிள்ளையை வைத்த பிறகுதான் கல்லறைத் திருநாளில் அவள் மெழுகுவர்த்தி கொளுத்த ஓர் இடம் கிடைத்தது. சிலுவை நடவில்லை. இடம் எங்கள் இருவருக்கும்தான் தெரியும். மந்திரித்த சாமியாரும் மாற்றலாகிப் போய்விட்டார். இதெல்லாம் உனக்குத் தெரியாதுதான், நாங்கள் சொல்லவில்லை. ஆனாலும் என் கோபம் குறையவில்லை.

வியாழக்கிழமை உன் ஆபீஸ்காரர்கள் அந்த எலும்புகளைத் தோண்டி எடுக்க வருகிறார்களாம். நீங்க எடத்தக் காட்டுனா நான் குறுக்க நிக்க மாட்டேன் ஜோசப் என்று இப்போதிருக்கிற சாமியார் ஒதுங்கிக்கொண்டார். எலும்பு கிடைக்காவிட்டால் மேலதிகாரி முன்னால் உனக்குத் தலைகுனிவு என்று நீயும் சொன்னாய். இருக்கலாம். அந்தத் தலைகுனிவு எப்படி இருக்கும் என்று தேனியில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

வருகிறவர்களுக்குக் காட்ட மாட்டேன். கலெக்டரே வந்து கேட்டாலும் தெரியாது என்பேன். ஆனால் நீ வந்து எதிரில் நின்று, எங்கேப்பா என்று கேட்டால் என்னால் மறைக்க முடியாது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவேன். இது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அதன் பிறகு உன் அம்மாவின் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

இரண்டு கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. பஸ் வரும் நேரமெல்லாம் அவள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாள். வா வா என்று கெஞ்சியே பழகிய அப்பன் கேட்கிறேன். இந்த வியாழக்கிழமை மட்டும் நீ வந்துவிடாதே, தாயி.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கும்,
அப்பா
மரிய ஜோசப்