மணி நின்ற இடம்

என் கண்ணம்மாவுக்கு,

உன் அப்பா விட்டுப்போன குட்டி நாய் பிரீனாவை இப்போது நான்தான் வேட்டைக்குப் பழக்குகிறேன். நேற்று செஸ்ட்நட் மரக் காட்டுக்குள் அதன் கழுத்துமணி சட்டென்று நின்றுவிட்டது. பயந்துபோய்த் தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

கூட வந்த பக்கத்து வீட்டு ஃபோஸ்கோ சீறினான். “வாயை மூடுங்கக்கா! மணி நின்னா ஓடிப்போச்சுன்னு அர்த்தமா? பறவையைக் கண்டுட்டு அசையாம நிக்குது. கூப்பிட்டுக் கெடுக்காதீங்க. நாமதான் அதுக்கிட்டப் போகணும்.”

போனேன். ஒரு காலைத் தூக்கியபடி, உடம்பெல்லாம் நடுங்க, எனக்காகவே நின்றிருந்தது. காட்டு உள்ளான் பறவை ஒன்று எழுந்து பறந்தது. சுட மறந்துவிட்டேன். ஃபோஸ்கோ தலையில் அடித்துக்கொண்டான்.

அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து சத்தமே இல்லை. நானும் தினமும் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

இனிக் கூப்பிட மாட்டேன். சனிக்கிழமை ரயிலேறி பொலோனியாவுக்கு நானே வருகிறேன். நீ இருக்கிற இடத்திலேயே இரு.

அம்மா