வலிக்கு எத்தனை மார்க்

ஜூலை 8, செவ்வாய்
மழை. இதையெல்லாம் எழுதி வைப்பது அதிகம்தான், மன்னிக்கவும். படுத்துக்கிடப்பவளின் கைக்கு வேறு வேலை இல்லை.
இடுப்பும் முழங்காலும். நேற்று பஜார் ரோட்டில் நனைந்தேன், உடம்பில் குளிர் ஏறினாலே வலி வந்துவிடும்.
ஆபீஸுக்கு அம்மா போன்: "அவளுக்கு வயித்து வலிங்க."
இந்த வலியின் உண்மையான பெயர் சிக்கிள் செல். அது எங்கள் வாசலைத் தாண்டக் கூடாது என்பாள். "நம்ம ஆளுங்க ரத்தத்துல ஓடுற சீக்கு. வெளிய தெரிஞ்சா உன்னை எவன்டீ கட்டுவான்?"
வாங்க: ஃபோலிக் மாத்திரை, வெந்நீர்ப் பை. பழையது ஒழுகுகிறது.

ஜூலை 9, புதன்
தாங்கவில்லை. அம்மாவோடு ஆஸ்பத்திரி.
மலையாளி சிஸ்டர்: "வலிக்குப் பத்துல எத்தனை மார்க் போடுவே மோளே?"
ஒன்பது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வாயில் ஆறு என்று வந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் கதறிக்கொண்டிருந்தார், அவர் எதிரில் ஒன்பது கேட்பது பேராசை மாதிரி. போதாததற்குச் சிரித்தும் வைத்தேன். புது ஆள் பேசினால் சிரிப்பு வந்துவிடும் எனக்கு.
ஒரு மாத்திரை. பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.
திரைக்குப் பின்னால் யாரோ: "சிரிச்சிட்டுல்லே இருக்கு அந்தக் குட்டி. வலி இஞ்செக்ஷனோட சுகம் கண்டு, அதுக்கு வந்ததாயிருக்கும்."
அம்மாவுக்கும் கேட்டது. படித்தவள் பேசுவாள் என்று என்னைப் பார்த்தாள். பெரியவள் பேசுவாள் என்று நான் அவளைப் பார்த்தேன். பஸ் ஏறி வந்துவிட்டோம்.

ஜூலை 11, வெள்ளி
லேசான வெயில். ஆபீஸ். கீழே குடோனில் சுக்கு மூட்டை, மேலே நாங்கள் பில் போடுகிறோம். பக்கத்து மேஜை ஷைனி சேச்சி. முதலாளியையும் ஆட்டோக்காரரையும் ஒரே சத்தத்தில் திட்டுபவர்.
"எந்தா மோளே, பின்னேயும் வயித்து வலியா? அந்த மாதிரி வயிறு எனக்கும் ஒண்ணு வாங்கித் தா. லீவு எடுத்து உறங்கணும்."
எல்லாரும் சிரித்தார்கள். நானும். இந்த நோயில் கண்ணில் ஏறும் மஞ்சள் தெரியக் கூடாதென்று குனிந்தபடியே வேலை.
மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். இனியும் லீவு என்றால் வேறு ஆள் பார்ப்பாராம். நல்லவிதமாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம்.

ஜூலை 14, திங்கள்
திரும்பவும் மழை. மதியம் முதுகில் ஆரம்பம். பில் பாதியில். கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றேன்.
சேச்சி தட்டினார். "திற மோளே. சத்தமே இல்லாம யாராவது இப்படி அழுது கரையுமா?"
சொல்லிவிட்டேன். நோயின் பெயர், வயித்து வலிப் பொய், ஆஸ்பத்திரியிலிருந்து வாய் திறக்காமல் திரும்பி வந்தது, எல்லாம்.
சேச்சி என் முகத்தைத் துடைத்துவிட்டார். "எடீ, அந்த வயிறு எனக்கு வேண்டாம். நீயே வெச்சுக்கோ."
வலியோடு சிரித்தேன். சேச்சியின் கண் கலங்கியிருந்தது.
என்னை ஆட்டோவில் ஏற்றி, டிரைவரிடம் ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னார். ஆபீஸுக்குத் திரும்பப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.
"சேச்சி, நீங்களும் வாங்க. எனக்கு வலிக்குதுன்னு சத்தமாச் சொல்லத் தெரியல. எனக்காக அங்க வந்து நீங்க கத்துங்க."