பேனாவால் போட்ட வட்டம்

அன்பு மகன் ஜெர்ரிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் சித்தூரில் நானும் உன் நைனாவும் மூச்சோடு இருக்கிறோம், நீ துபாயில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இரு. போனில் பேசினால் உன் பெண்டாட்டி ஜெமிமா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால் துபாய்க்கு வரும் கிருபானந்தம் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அவள் உடம்பில் தடிப்பு வந்து வந்து போனதைக் குஷ்டம் என்றுதான் நான் நினைத்தேன். நம் சபையில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் வாய் வைத்து இராப்போஜன ரசம் குடிக்கிறோம், அவள் வைத்த பிறகு நான் எப்படி வைப்பேன்? பாஸ்டர் ஐயாவிடம் சொல்லி அவளை வரிசையில் கடைசியில் நிற்க வைத்தேன். மூன்று மாதம் ஊரே பார்க்கத் தலை குனிந்து குடித்தாள். எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. அவளைப் புத்தூரில் தாய்வீட்டில் விடச் சொல்லி உன்னிடம் கேட்டதும் நான்தான், நீ வாயே திறக்கவில்லை.

போன மாதம் நைனா பிடிவாதமாக அவளைத் திருப்பதியில் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனார். குஷ்டம் என்று என் காதால் கேட்க நானும் போனேன். டாக்டரம்மா ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, நாளைக்கு இதே நேரம் பாருங்கள் என்றார். மறுநாள் வட்டம் இருந்தது, தடிப்பு வேறு இடத்துக்குப் போயிருந்தது. இப்படி இடம் மாறி ஆறு வாரத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தால் நாள்பட்ட காணாக்கடி, யாருக்கும் ஒட்டாது, ஒரே இடத்தில் நின்று எரிந்து கன்றினால்தான் ரத்தக்குழாயைச் சோதிக்க வேண்டும், படர்தாமரை ஓரத்தில் செதில் விடும், தொழுநோய் அரிக்காது, தொட்டாலும் தெரியாது என்றார். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

என் முழங்கையில் ரொம்ப நாளாக ஒரு தேமல் உண்டே, அரிக்கவில்லை என்று விட்டிருந்தேன். காய் நறுக்கும்போது ஜெமிமா வந்து, கைய காட்டுங்க அத்தே என்று அதைச் சுற்றி வட்டம் போட்டாள். அழிய அழிய எட்டு நாள் போட்டாள். தேமல் நகரவில்லை. ஒன்பதாம் நாள், இன்னா அத்தே, வலிக்குதா என்றாள். திரும்பிப் பார்த்தால் கையில் ரத்தம், அவள் விரலில் ஊக்கு.

பெரிய ஆஸ்பத்திரியில் அதேதான் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாத மாத்திரையில் குணமாகும், மாத்திரை ஆரம்பித்தால் ஒட்டாது என்கிறார்கள். சபையில் யார் நம்புகிறார்கள்? போன ஞாயிறு அவளே என் கையைப் பிடித்துக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினாள். நானும் இங்கதான நின்னுக்கினு இருந்தேன் அத்தே என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது ஜெர்ரி. ஏர்பேடு பக்கம் ஏதோ ஹோமில் என்னை விடச் சொல்லி உன்னிடம் கேட்கப் போகிறாளாம்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வெயிலில் அலையாதே. ஒன்றை மட்டும் மறக்காதே, நான் கேட்டபோது எப்படி வாய் திறக்காமல் இருந்தாயோ, அவள் கேட்கும்போதும் அப்படியே இரு.

உன் அம்மா,
டெபோரா